மார்பின் போட்ட கட்டிலும் பக்கத்துக் கட்டிலும்

மயக்க மருந்துத் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது, பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் முடிந்த பெண்ணுக்கு வலி தணிய எதைக் கொடுப்பது நல்லது, மார்பினா, ட்ரமடாலா? உங்கள் புத்தகங்களில் இதற்கு அட்டவணை போட்டே பதில் இருக்கிறது. எது எவ்வளவு நேரம் நிற்கும், எது அதிகம் குமட்டும், எது மூச்சை மந்தமாக்கும் என்பதையெல்லாம் இன்றைய தேதிக்கு என்னைவிட நீங்கள்தான் நன்றாகச் சொல்வீர்கள். எனவே அதை விட்டுவிடுகிறேன். ஒரே நாளில் ஒரே கையால் ஆபரேஷன் செய்யப்பட்ட இரண்டு பெண்களைப் பற்றியும், அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பற்றியும் சொல்கிறேன். இத்தனை வருட வேலையில் நான் மிகவும் மதித்த மனிதர்களில் அந்த மூவருக்கும் இடம் உண்டு.

திண்டுக்கல்லில் நடுத்தரமான ஒரு தனியார் மருத்துவமனையில் அப்போது மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்தேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் பாக்கி இருந்தன. பெண்கள் பிரிவின் தலைமை மருத்துவரை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கோபம் வந்தாலும் பேச்சில் மரியாதை குறையாது. அவர் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார் என்பதால், புதியவர்களுக்குத் திட்டு வாங்கியதே செத்த நேரம் கழித்துத்தான் உறைக்கும். கத்தி பிடிப்பதில் அவர் கை அத்தனை சுத்தம். தேவைக்கு மேல் ஒரு இழையைக்கூடத் தொட மாட்டார். ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் நின்று அதைப் பார்ப்பதே எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அது மார்பின்.

அரசாங்க அனுமதியெல்லாம் வாங்கி, எங்கள் மருத்துவமனையில் அப்போதுதான் மார்பின் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்த பெண்களுக்கும் முதல் இரண்டு நாட்கள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர்களுக்கு ட்ரமடால்தான் போய்க்கொண்டிருந்தது. சிலருக்கு அது போதும். பலருக்குப் போதாது என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நம் பெண்கள் வலியை வாய் திறந்து சொல்பவர்கள் இல்லை. ரவுண்ட்ஸில் டாக்டர் வந்து நின்று "வலி இருக்காம்மா" என்று கேட்டால், தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் 'பரவாயில்லை'யை நம்பித்தான் நாம் ட்ரமடால் போதும் என்று முடிவு கட்டிக்கொள்கிறோம் என்று மேடத்திடம் வாதாடினேன்.

அவருடைய பயத்தை அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். படித்த காலத்தில், வேறு ஊரில், ஆபரேஷன் முடிந்த ஒரு தாய்க்கு இந்த வகை மருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு எல்லோரும் வேறு வேலைக்குப் போனார்களாம். திரும்பி வந்தபோது அந்தத் தாய்க்கு மூச்சில்லை. அந்தப் பிரேதத்தின் பக்கத்தில் நின்றவர்களில் மேடமும் ஒருவர். இதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பல மாதங்கள் இழுத்த பிறகு, ஒருவருக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று சம்மதித்தார். மருந்தின் பெயரை மறைக்காமல் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும், அவர் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ஊசி மறுபடி என் வார்டுக்குள்ள வரக் கூடாதுங்க டாக்டர். அப்புறம் நீங்க என்கிட்ட பேசக்கூட வரக் கூடாதுங்க."

அந்த வாரம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் சகாயமேரி டீச்சர். வீடு அகரத்தில். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. ஒல்லியான உடம்பு, நிதானமான பேச்சு. இன்னொருவர் ஜெய்த்தூன் பீவி. பேகம்பூரில் கல்யாண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் குடும்பம். அவரே முன்னால் நின்று ஆட்களை ஏவி, ஆளுயரத் தேக்சாக்களில் நெய்ச்சோறு ஆக்கி இறக்குபவர். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். இரண்டு பேரும் கர்ப்பப்பையில் இருந்த கட்டியால் மாதக்கணக்கில் ரத்தம் போய்ச் சோர்ந்திருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் இருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன். இரண்டு மருந்துகளையும் பற்றிச் சொன்னேன். டீச்சர் மார்பின் என்ற பெயரைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், அது இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆனவுகளுக்குப் போடுறதுல்ல? எங்க சித்தப்பாவுக்குப் போட்டாக. போட்ட கொஞ்ச நாள்ல போயிட்டாக. எனக்கு அது வேணாம் சார். வலிச்சாத் தாங்கிக்கிறேன்."

சித்தப்பாவைக் கொண்டுபோனது புற்றுநோய், மருந்து இல்லை என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஜெய்த்தூன் பீவிக்கு அந்தப் பெயர் ஒன்றும் செய்யவில்லை. எந்த மருந்தாக இருந்தாலும் சரி, வலி தெரியக் கூடாது, அம்புட்டுத்தான் என்றார். அடிமையாகிவிட மாட்டேனே என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவதில் அந்தப் பயம் வேண்டாம் என்றேன். "அப்பச் சரி டாக்டரே" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குத்தான் கஞ்சி கொடுப்பீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

ஆபரேஷன் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மேடம் கை வைத்தால் சொல்ல எதுவும் இருக்காது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில்தான் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு கட்டில்களும் அடுத்தடுத்து இருந்தன. ஜெய்த்தூன் பீவி நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்துபோய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலி போகல டாக்டரே, இருக்கு. ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு என்னயப் பாத்துக்கிட்டு நிக்கிது. கிட்ட வர மாட்டேங்குது."

மார்பின் வலியை என்ன செய்கிறது என்பதை இவ்வளவு சரியாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. இருமச் சொன்னேன். வயிற்றின் மேல் தலையணையை அழுத்திக்கொண்டு இருமிக் காட்டினார்.

டீச்சர் மல்லாந்து படுத்திருந்தார். போர்வை கலையாமல் இருந்தது. இரவில் ஒருமுறைகூட அவர் புரண்டு படுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டேன். அசையாமல் கிடந்தால் நாலு போடலாம் என்றார். அந்த நாலை எழுதிக்கொண்டு போயிருந்தால், இரண்டு கட்டிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆகியிருக்கும். அவரையும் இருமச் சொன்னேன். கண் கலங்கியது. "அது மட்டும் முடியாது சார்" என்றார்.

ஆபரேஷன் ஆன மறுநாள் இருமாமல், எழாமல், அசையாமல் கிடப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்களுக்குத் தெரியும். சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். படுத்திருக்கும்போது எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதைவிட, வலி அவர்களை எதைச் செய்ய விடாமல் தடுக்கிறது என்று பாருங்கள். இரண்டு மருந்துகளை ஒப்பிட வேண்டுமானால் அங்கேதான் ஒப்பிட வேண்டும்.

மேடம் என் பின்னால்தான் நின்றிருந்தார். ஒரு கட்டிலைப் பார்த்தார், அடுத்த கட்டிலைப் பார்த்தார். டீச்சருக்கு ட்ரமடாலோடு வேறு என்ன சேர்க்கலாம் என்று கேட்டார். சொன்னேன். வெளியே போகும்போது, மார்பினைப் பற்றி, "இன்னைக்கு ஒரு நாள் போகட்டுமுங்க, பாக்கலாம்" என்றார். எனக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியதை மறைக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் நடந்ததைக் கோர்வையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். சேர்ந்துகொண்டபோதுதான் விபரீதம் ஆனது.

கஞ்சி குடித்த கொஞ்ச நேரத்தில் ஜெய்த்தூன் பீவி வாந்தி எடுத்தார். மார்பினுக்கு அது வழக்கம்தான். அன்றைக்கு வார்டில் இருந்த டூட்டி டாக்டர் சின்னப் பெண். வாந்திக்கு ஒரு ஊசி எழுதினார். வாந்தியை நிறுத்தும், கூடவே நன்றாகத் தூக்கமும் கொண்டுவரும் ஊசி. எல்லா வார்டிலும் எல்லோரும் எழுதுவதுதான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை மணிக்கு ஒருமுறை மார்பின் கொடுக்க வேண்டும் என்று நான் எழுதிவைத்த உத்தரவின்படி அடுத்த ஊசிக்கு நேரம் வந்தது. நர்ஸ் உத்தரவுப்படி அதையும் போட்டார். வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடச் சொல்லி அதில் இல்லை. நடந்து பார்க்கட்டும் என்று காலையில் கழற்றிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைத் திரும்ப மாட்டவில்லை. கூட இருந்த நாத்தனார், இவர் அசந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு, தொழுதுவிட்டு வரலாம் என்று கீழே போனார். பகல் நர்ஸ்கள் மாறும் நேரம். வார்டுக்கு அந்தக் கடைசியில் நின்று பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தியேட்டரில் இருந்தேன்.

கனத்த சரீரம் உள்ளவர், குறட்டை விடுபவர், தூக்க மருந்தும் மார்பினும் ஒன்றாக ஏறியவர். இந்த நேரத்தில் பக்கத்தில் யாருமில்லை.

விழித்திருந்தது சகாயமேரி டீச்சர் மட்டும்தான். அவர் விழித்திருந்ததற்குக் காரணம் வலி. காலையில் சேர்த்த மருந்தும் அவரைத் தூங்க வைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, இவர் மட்டும் எப்படித்தான் தூங்குகிறாரோ என்று பொறாமையோடு படுத்திருந்தாராம். பிற்பாடு அவரே சொன்னார். குறட்டை நின்றபோது முதலில் நிம்மதியாக இருந்ததாம். அப்புறம் அந்த அமைதி ரொம்ப நீளமாக இருப்பது உறைத்திருக்கிறது. தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். போர்த்தியிருந்த துணி ஏறி இறங்கவில்லை. காத்திருந்து பார்த்தார். ஒருமுறை மெல்ல ஏறியது, திரும்ப நின்றுவிட்டது.

அக்கா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. நர்ஸைக் கூப்பிட்டார். அதற்கு வயிற்றிலிருந்து குரல் வர வேண்டும், அவருக்கு வந்தது தொண்டைக் குரல்தான். மின்விசிறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

காலையில் நான் சொல்லியும் இருமாதவர் அவர். புரண்டுகூடப் படுக்காதவர். அந்தப் பெண் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் ட்யூபைத் தானே இழுத்துப் போட்டுவிட்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போயிருக்கிறார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்தது ஒரு ஸ்டூல் போடும் இடம். அந்தத் தூரத்தைக் கடந்தபோது என்ன வலி வலித்தது என்று நான் பிற்பாடு கேட்டேன். ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னார்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தபோது கண்ட காட்சியை எனக்குச் சொல்லியிருக்கிறார். டீச்சரின் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஜெய்த்தூன் பீவியின் தோளைப் பிடித்து உலுக்கி, கன்னத்தில் தட்டி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வதைப் போல அழுத்தந்திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மூச்சு விடுங்க. இழுங்க. ம், விடுங்க. தூங்கக் கூடாது. இன்னொருக்கா இழுங்க."

சொல்லச் சொல்ல ஜெய்த்தூன் பீவி மூச்சு விட்டிருக்கிறார். சொல்வதை நிறுத்தினால் அவரும் நிறுத்தியிருக்கிறார். இந்த மருந்துகளின் இயல்பு அது. மூச்சு விட வேண்டும் என்பதை உடம்பு மறந்துவிடும், ஆனால் யாராவது ஞாபகப்படுத்தினால் செய்யும். டீச்சருக்கு இது தெரியாது. தூங்குகிற பிள்ளையை எழுப்பத் தெரியும், அவ்வளவுதான். ஆட்கள் ஓடிவரும் வரைக்கும் அவர் நிறுத்தவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது மேடம் எனக்கு முன்பே வந்திருந்தார். வெளிநோயாளிகளைப் பார்க்கும் அறை வார்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் நின்று, இரண்டு கையாலும் தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. உதட்டில் நீலம். கண்மணிகள் ஊசிமுனைபோலச் சுருங்கிக் கிடந்தன. பல வருடங்களாக அவர் பயந்துகொண்டிருந்த காட்சி, அவர் கைக்குள்ளேயே இருந்தது.

மார்பினை முறிக்கும் மாற்று மருந்தை நான் சிரிஞ்சில் எடுத்துக் கலந்துகொண்டிருந்தபோது மேடம் சொன்னார்: "முழுசா ஏத்திருங்க டாக்டர். யோசிக்காதீங்க."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த நேரத்தில் முழு மருந்தையும் ஏற்றிவிடத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். ஏற்றினால் மூச்சு உடனே வந்துவிடும். ஆனால் வயிறு முழுக்கத் தையலோடு இருக்கும் பெண்ணுக்கு மார்பின் மொத்தமும் ஒரே நொடியில் இறங்கிவிட்டால், அடக்கிவைத்திருந்த வலி எல்லாம் ஒன்றாக மேலே வந்து விழும். ரத்த அழுத்தம் எகிறும், இதயம் தாறுமாறாக ஓடும். ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது, மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, தட்டினால் மூச்சு வருகிறது. அப்படியென்றால் நமக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைக் கண்டுகொள்வதுதான் நம் வேலையில் பாதி.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பேன் என்றேன். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எங்கள் பழைய வாதம் முழுக்க இருந்தது. வார்டு அவருடையது, நோயாளி அவருடையவர், பயம் அவருடையது. என் கையிலிருந்து சிரிஞ்சைப் பிடுங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

"சரீங்க, நீங்க பாருங்க. தாடையை நான் புடிச்சிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிடி தளரவில்லை. நான் கொஞ்சம் ஏற்றினேன், காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மூச்சுகளுக்கு இடையே இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. ஜெய்த்தூன் பீவி கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன இம்புட்டுப் பேரு? நான் கத்திட்டேனா?" என்று கேட்டார். மேடம் அப்போதுதான் கையை எடுத்தார். விரல்கள் மரத்துப்போய் மடங்க மறுத்தன. உதறிக்கொண்டார்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மார்பினை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடத் தயாராகத்தான் இருந்தேன். மேடத்துக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. எது எப்போது கொடுக்கப்பட்டது என்று வரிசையாகக் கேட்டார். டூட்டி டாக்டர் பெண் அழுதுகொண்டே சொன்னார். கேட்டு முடித்ததும் மேடம் அவர் தோளில் கை வைத்தார்.

"வாந்தி எடுத்தவங்களுக்கு நீ ஊசி எழுதுனதுல தப்பில்ல கண்ணு. மார்பின் குடுக்க முடிவு பண்ணுன நானும் டாக்டரும் இருந்தோம். எதைச் சேத்து எழுதக் கூடாதுன்னு உன்கிட்ட சொல்லி வெக்கல. அழுவாத, போயி மூஞ்சி கழுவிட்டு வா."

பிறகு ஜெய்த்தூன் பீவியின் கணவர் வந்தார். அவரிடம் மேடமே பேசினார். நாங்கள் கொடுத்த மருந்தால் உங்கள் வீட்டம்மாவுக்கு மூச்சு குறைந்துவிட்டது, பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனது எங்கள் தவறு, இப்போது ஆபத்தில்லை என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நான் பார்த்த எத்தனையோ மருத்துவர்கள் இந்த இடத்தில் உடல்வாகு, சர்க்கரை, விதி என்று என்னென்னவோ சொல்லித் தப்பித்திருக்கிறார்கள். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலில் கண்டது யார் என்று மட்டும் கேட்டார். டீச்சரின் கட்டிலைக் காட்டினோம். அங்கே போய் நின்றார். நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்துவிட்டு வந்தார்.

டீச்சரைத் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை. தையல் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று மேடம் தானே கட்டைப் பிரித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. கட்டைத் திரும்பப் போட்டுவிட்டு நிமிரும்போது டீச்சர் அவர் கையைப் பிடித்தார்.

"டாக்டரம்மா, அந்த ஊசிய எனக்குப் போடுவீகளா?"

மேடத்துக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம். எனக்கும்தான்.

"ஏனுங்க டீச்சர், இப்பத்தானுங்களே உங்க கண்ணு முன்னாடி பாத்தீங்க?"

"பாத்தேன்ம்மா. காலையிலயும் பாத்தேன்ல. காலையில அக்கா எந்திரிச்சு நடந்தாக, இருமுனாக, சிரிச்சாக. நான் கட்டை மாதிரி கெடந்தேன். மத்தியானம் அவுகளுக்கு மூச்சு நின்டுச்சு. காலையில பக்கத்துல ஆள் இருந்துச்சு, மத்தியானம் இல்ல. எனக்கு ஊசியையும் போடுங்க, பக்கத்துல ஒரு ஆளையும் போடுங்க."

வித்தியாசம் அது மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தூக்க ஊசி சேர்ந்தது ஒன்று. கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டது ஒன்று. ஆனால் பக்கத்தில் கண் இருந்திருந்தால் மற்ற இரண்டும் இவ்வளவு தூரம் வந்திருக்காது. சித்தப்பாவை நினைத்து ஆபரேஷனுக்கு முன்பு மறுத்த பெண், கண்ணால் கண்ட பிறகு கேட்கிறார். அதுவும் அந்த மருந்தின் மிக மோசமான முகத்தை மிக அருகில் இருந்து பார்த்தவர். நான் மேடத்துக்கு மாதக்கணக்கில் சொன்ன வாதங்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது.

மேடம் ஜெய்த்தூன் பீவியின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். படித்த காலத்தில் பார்த்த அந்தத் தாயின் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், மருத்துவமனையில் வேறு யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அவர் பயந்ததுதான் சரி என்று அன்றைக்கு எல்லோருக்கும் ஆகியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, காலையில் போட்ட ட்ரமடால் இந்நேரம் இறங்கியிருக்குமா என்று கேட்டார். பெரும்பாலும் இறங்கியிருக்கும், குறைந்த அளவில் தொடங்கலாம், தூக்கம் வரும் மருந்து வேறு எதுவும் கூடாது, விரலில் மாட்டிய கருவியைக் கழற்றக் கூடாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். போடுங்கள் என்றார்.

இன்றைக்கு அந்த வார்டில் வேலை பார்ப்பவர்களுக்குச் சில பழக்கங்கள் இயல்பாக இருக்கின்றன. மார்பின் ஊசிக்கு முன்னால் வலியைக் கேட்பார்கள், தூக்கத்தைப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள். கூப்பிட்டால் கண் திறக்காதவருக்கு, நேரம் வந்துவிட்டாலும் ஊசி கிடையாது. எந்த டாக்டர் எதை எழுதினாலும் மற்றவரிடம் சொல்லாமல் எழுதக் கூடாது. குறட்டை விடுபவர்கள் நர்ஸின் மேஜைக்கு எதிர்க் கட்டிலில்தான் படுப்பார்கள். ட்ரமடாலும் இருக்கிறது. அதுவே போதும் என்கிறவர்களுக்கு அதுவே கொடுக்கப்படுகிறது. இதையெல்லாம் கொண்டுவந்தது மேடம். பிற மருத்துவமனைகளில் மார்பினுக்குப் பயப்படும் டாக்டர்களிடம் அவர்தான் போய்ப் பேசினார். நான் பேசியிருந்தால், ஊசிக்காரன் ஊசியை விற்கிறான் என்றிருப்பார்கள். அவர் பயந்தவர் என்பதால் அவர் சொன்னதை நம்பினார்கள்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மத்தியானத்தின் மிச்சப் பொழுதுதான். டீச்சருக்கு ஊசி போட்டாயிற்று. ஜெய்த்தூன் பீவிக்குக் கொடுத்த மாற்று மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும், மார்பின் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும் என்பதால் அவரையும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டியிருந்தது. வெளியே சித்தையன்கோட்டையிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் மேடத்துக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்க வேறு டாக்டரை அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து இரண்டு கட்டில்களுக்கும் நடுவே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தியேட்டரில் எனக்கு வேலை முடிந்துவிட்டது, நான் உட்காருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன்.

"நீங்க போங்க டாக்டர். உங்க மருந்த நான் இன்னும் முழுசா நம்பலீங்க. நம்பணும்னா நாந்தானுங்களே உக்காந்து பாக்கணும்."

நான் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, கதவோரம் நின்றேன். ஜெய்த்தூன் பீவி வலியில் முனகிக்கொண்டே, பக்கத்துக் கட்டிலில் டீச்சர் தூங்கிவிட்டாரா என்று மேடத்திடம் கேட்டார். இல்லை, விழித்துத்தான் இருக்கிறார் என்றார் மேடம். அந்த நேரத்தில் டீச்சர் இரண்டு நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல், மெதுவாக ஒருக்களித்துத் திரும்பிப் படுத்தார். மேடம் அவர் முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய மூச்சை எண்ண ஆரம்பித்தார்.